புளியும் எறும்பும் ஒரே குடும்பம்!



பண்டிகை வந்தால் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். தண்ணீருக்குப் போகாத கறுப்பு, புளிக்குப் போய்விடும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செய்யும் வேலை அது. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். தயிரில் லாக்டிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு கடித்தால் சுரீரென்று எரிகிறதே, அதற்குக் காரணம் ஃபார்மிக் அமிலம். எறும்புகளைக் காய்ச்சி வடித்தால் ஓர் அமிலம் கிடைக்கும் என்று இங்கிலாந்தின் ஜான் ரே 1671-இலேயே எழுதினார்.

இவை எல்லாமே கார்பாக்சிலிக் அமிலங்கள். ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன் என்று நான்கே அணுக்கள் சேர்ந்த ஒரு தொகுதி இவை எல்லாவற்றிலும் உண்டு. அதன் பெயர் கார்பாக்சில் தொகுதி. புளிப்புக்குக் காரணம் அதிலுள்ள ஹைட்ரஜன்.

அந்த ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கழன்று வெளியேறும். விட்டுப்போன எதிர்மின்சுமையை இரண்டு ஆக்சிஜன்களும் பங்கிட்டுக்கொள்ளும். அண்டாவின் இரு காதுகளை இருவர் பிடித்தால் பாரம் குறைவது போலத்தான் இது. ஆல்கஹாலில் சுமையைத் தாங்க ஒரே ஓர் ஆக்சிஜன்தான். அதனால் அதன் ஹைட்ரஜன் எளிதில் கழலாது. ஆல்கஹால் புளிப்பதும் இல்லை. வினிகரில்கூட எந்த நேரத்திலும் நூறு அமில மூலக்கூறுகளில் ஒன்றுக்கும் குறைவாகவே ஹைட்ரஜனை இழந்திருக்கும். இப்படி வலிமை குறைந்த அமிலமாக இருப்பதால்தான் அதை ஊறுகாயில் ஊற்றிச் சாப்பிட முடிகிறது.

இந்த அமிலங்கள் எப்படி உருவாகின்றன? பழச்சாற்றில் ஈஸ்ட் வளர்ந்தால் சர்க்கரை ஆல்கஹாலாகும். பிறகு ஒருவகை பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றும். வினிகர் பிறப்பது இப்படித்தான். இதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். ஆய்வகத்தில் இதே மாற்றத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் விரைவாகச் செய்துவிடும். பாலில் உறை ஊற்றினால் அங்கே வேறு பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். புளித்த பாலிலிருந்து அந்த அமிலத்தை 1780-இல் பிரித்தெடுத்தவர், ஸ்வீடனில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை 1784-இல் எடுத்தவரும் அவரே.

இனி இவை செய்யும் வினைகளைப் பார்ப்போம். விளக்கின் கறுப்பில் இருப்பது காப்பர் ஆக்சைடு. அமிலம் அதைக் கரையும் உப்பாக மாற்றிவிடுவதால் தேய்த்ததும் கழுவிக்கொண்டு போகிறது. புளிக்குழம்பையும் தயிரையும் பூச்சில்லாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால், இதே காரணத்தால் செம்பு உணவில் கரைந்து நஞ்சாகும். அதைத் தடுக்கத்தான் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசினார்கள்.

ஆல்கஹாலோடு சேர்த்து, சிறிது அடர் சல்பியூரிக் அமிலம் விட்டுச் சூடாக்கினால் கார்பாக்சிலிக் அமிலம் எஸ்டர் எனும் சேர்மமாகும், நீரும் வெளியேறும். பழுத்த வாழைப்பழத்தின் மணத்தில் முக்கியப் பங்கு அசிட்டிக் அமிலத்திலிருந்து வரும் ஓர் எஸ்டருக்கு உண்டு. மூக்கைத் துளைக்கும் அமிலத்திலிருந்து பழ வாசனை! கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைப்பதும் எறும்பின் ஃபார்மிக் அமிலம்தான். ஆனால் அது தொழிற்சாலையில் தயாரானது.

சமையல் சோடாவில் இந்த அமிலங்களில் ஒன்றை விட்டால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பொங்கும். ஒரு பொருளில் கார்பாக்சிலிக் அமிலம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் எளிய சோதனையும் இதுவே.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டையை ஓடு உடையாமல் வினிகரில் மூழ்கும்படி வையுங்கள். ஓட்டின் கால்சியம் கார்பனேட்டிலிருந்து குமிழ்கள் கிளம்பும். இரண்டு நாளில் ஓடு கரைந்து, மெல்லிய தோலோடு முட்டை மட்டும் நிற்கும். அந்த முட்டையைச் சாப்பிடாதீர்கள். தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எஸ்டர் சோதனையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரைச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.