பில்லிங் சாஃப்ட்வேருக்கு வருடா வருடம் ஏன் பணம்?

கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் அடுத்த ஆண்டும் வந்து ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்) கேட்டால், பல கடைக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "அதான் அன்னைக்கே காசு கொடுத்தாச்சே, இன்னும் எதுக்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தனி ஆளாகவோ, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டோ இந்தத் தொழிலை நடத்துபவருக்கு சாஃப்ட்வேரை எழுதி முடிப்பது பாதி வேலைகூட இல்லை. பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2025இல் நடந்ததையே பார்ப்போம். செப்டம்பர் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி வரி விகிதங்களை மாற்றியது. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5க்கோ 18க்கோ போயின. ஷாம்பூ, டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18இலிருந்து 5க்கு வந்தன. நெய், வெண்ணெய் 12இலிருந்து 5க்கு. புதிய வரி நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய திங்கட்கிழமை. இடையில் கிடைத்தது மூன்று வாரத்துக்கும் குறைவு.

18 இருந்த இடத்தில் 5 என்று மாற்றினால் முடிந்ததே என்று தோன்றும். முடியாது. செப்டம்பர் 20ஆம் தேதி 18 சதவீத வரியில் விற்ற ஷாம்பூவை வாங்கியவர் 25ஆம் தேதி திருப்பிக் கொடுக்கிறார் என்றால், அதற்குப் போடும் கிரெடிட் நோட்டில் பழைய 18தான் வரவேண்டும். பழைய பில்லை மறுபடி பிரின்ட் எடுத்தாலும் அன்றைய வரியே வரவேண்டும். அந்த மாத ரிட்டர்னில் ஒரே பொருள் இரண்டு விகிதத்திலும் நிற்கும். ஆகவே பொருளின் பெயரோடு வரியை ஒட்டிவைக்காமல், எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனி அட்டவணையாக வைத்திருக்க வேண்டும். தொடக்கத்திலேயே அப்படி எழுதியவருக்கு அந்த மூன்று வாரம் ஓரளவு எளிதாகப் போயிருக்கும். எழுதாதவர் கடை கடையாகப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்தே இப்படித்தான். பில்லை அரசு போர்ட்டலில் பதியும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் மொத்த வியாபாரியும் அதற்குள் வந்துவிட்டார். அவருடைய சாஃப்ட்வேரை அரசு போர்ட்டலோடு இணைத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான்.

சட்டம் மாறாத மாதங்களிலும் போன் ஓயாது. கடைக்காரர் புது எடை மெஷின் வாங்குவார். அது ஒட்டும் ஸ்டிக்கரில் இருக்கும் 13 இலக்க பார்கோடு வழக்கமாக 2இல் தொடங்கும். நடுவில் சில இலக்கங்கள் பொருளின் எண், சில எடை அல்லது விலை, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. எது எங்கே முடிகிறது என்பது மெஷினில் செய்துவைத்த செட்டிங்கைப் பொறுத்தது. பழைய மெஷினின் கணக்கிலேயே சாஃப்ட்வேர் படித்தால் எடையும் விலையும் தாறுமாறாக வரும். இன்னொருவர் பில்லில் பொருள் பெயர் தமிழில் வேண்டும் என்பார். சாதாரண தெர்மல் பிரின்டருக்குள் தமிழ் எழுத்துகள் இருப்பதில்லை. 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் வரவேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் பிரின்ட் மெதுவாகும். சாயங்காலக் கூட்டத்தில் க்யூ நீளும். அந்த வேகத்தைக் கூட்டுவதற்குச் செலவழியும் நேரம் எந்த பில்லிலும் தெரியாது. என் பார்வையில் இந்தத் தொழிலின் திறமை முழுவதும் இத்தகைய வேலையில்தான் இருக்கிறது.

வருமானக் கணக்குக்கு வருவோம். ஏ.எம்.சி. பொதுவாக விலையில் 15 முதல் 20 சதவீதம். சாஃப்ட்வேர் விலை 15,000 ரூபாய், ஏ.எம்.சி. 3,000 என்று வைத்துக்கொள்வோம். நூறு கடைகளும் ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 3 லட்சம், அதாவது மாதம் 25,000. உதவியாளர் சம்பளம், பெட்ரோல், இன்டர்நெட், தன் வீட்டுச் செலவு எல்லாம் அதற்குள். பாதிப் பேர் கட்டாவிட்டால் புதுக் கடை பிடிக்க அலைந்தே தீரவேண்டும். பிடித்த கடைகளுக்கு சர்வீஸ் குறையும். தொழில் படுப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

நிலுவையை வசூலிப்பதில் சட்டம் தரும் துணை ஒன்று உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் சிறு நிறுவனமாகப் பதிவது இலவசம். பதிந்தவருக்கு, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்டமுடியும்.

ஒரு கடைக்கென்றே தனியாக எழுதித் தரும் சாஃப்ட்வேரில் உரிமைச் சிக்கலும் வரும். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமை எழுதியவரிடமே நிற்கும். அதை மாற்றித் தர கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். காசு கொடுத்ததாலேயே எல்லாம் தன்னுடையது என்று கடைக்காரர் நினைப்பதும், பேசிக்கொண்டதே போதும் என்று எழுதியவர் விடுவதும் பின்னால் சண்டையில்தான் முடியும்.

கடைக்காரர்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரே ஆளை நம்பியிருக்கும்போது அவர் படுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு வழி பணத்தை நிறுத்துவதல்ல. தினசரி பேக்கப் கடைக் கம்ப்யூட்டருக்கு வெளியேயும் போகிறதா, கணக்கு முழுவதையும் எக்செல்லில் எடுக்கமுடியுமா, டேட்டாபேஸ் பாஸ்வேர்டின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றையும் ஏ.எம்.சி. தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தருபவர் கிடைத்தால் அவருக்குப் பணத்தைத் தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுங்கள்.