பெருகும் வன்முறைக் குற்றங்களும் வணிகச் சமூகத்தின் எதிர்வினையும்: தென்னாப்பிரிக்க அனுபவம்

முன்னுரை

வன்முறைக் குற்றங்கள் பெருகும் நாட்டில் கடையடைக்கும் நேரம், பணத்தை வங்கிக்குக் கொண்டு செல்லும் வழி, ஊழியர் வீடு திரும்பும் முறை ஆகிய யாவும் அச்சத்தை மனத்திற்கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. இத்தகைய சூழலில் வணிகச் சமூகம் என்ன செய்தது, அதன் விளைவு யாது என்பதை அறியத் தென்னாப்பிரிக்கா தக்கதொரு சான்றாகும். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது முதல் தமிழர் வாழ்ந்துவரும் நாடு என்பதாலும் அது நம் கவனத்திற்குரியது. அந்நாட்டு வணிகர்களின் எதிர்வினையைக் காவலை விலைக்கு வாங்குதல், பொதுக் காவலை வலுப்படுத்துதல், அரசை வற்புறுத்துதல் என மூவகையாகப் பகுத்து இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கலின் அளவு

இனவொதுக்கல் ஆட்சி முடிவுற்ற காலமாகிய 1994/95இல் ஏறத்தாழ 26,000 பேர் கொலையுண்டனர். அஃதாவது, ஓர் இலட்சம் மக்களுக்கு ஏறக்குறைய 67 பேர். 2011/12இல் இவ்விகிதம் 30 அளவிற்குத் தாழ்ந்தது. பின்னர் மீண்டும் உயர்ந்து 2022/23இல் 45 ஆயிற்று. அவ்வாண்டில் கொலையுண்டோர் 27,000க்கும் மேற்பட்டோர். எனவே வணிகர்கள் எதிர்கொண்டது ஒருமுறை வந்து தணிந்த அலையன்று. தணிந்தபின் மீண்டும் எழுந்த அலையாகும்.

காவலை விலைக்கு வாங்குதல்

வணிகர்கள் முதலில் நாடிய வழி தனியார் பாதுகாப்பு நிறுவனங்களே. அபாயமணி ஒலித்தவுடன் ஆயுதமேந்தி விரையும் காவலர், பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டி, மின்வேலி ஆகியவை வணிக வாழ்வின் இயல்பான செலவுகளாயின. இத்துறையை ஒழுங்குபடுத்த 2001இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டிய அளவிற்கு அது வளர்ந்தது. இன்று பணியிலுள்ள தனியார் காவலரின் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைக் கடந்துள்ளது; இஃது அரசுக் காவல் துறையினரைப்போல் இரு மடங்கிற்கும் மேலாகும்.

இவ்வழி உயிரையும் உடைமையையும் காத்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் விலைக்குக் கிடைக்கும் காவல், விலை கொடுக்க இயன்றவருக்கே கிடைக்கும். புறநகர்க் குடியிருப்புகளில் ‘ஸ்பாசா’ எனப்படும் சிறுகடை நடத்துவோருக்கு அது எட்டாத ஒன்று. அவர்களுள் பலர், குறிப்பாக அயல்நாட்டிலிருந்து குடியேறியோர், மிரட்டுவோருக்கே ‘பாதுகாப்புக் கட்டணம்’ செலுத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

பொதுக் காவலை வலுப்படுத்துதல்

இரண்டாவது வழி இதனின் வேறுபட்டது. அதிபர் நெல்சன் மண்டேலாவின் அழைப்பை ஏற்று, வணிகத் தலைவர்கள் 1996இல் ‘பிசினஸ் அகெய்ன்ஸ்ட் கிரைம்’ என்னும் அமைப்பை நிறுவினர். நிருவாகத் திறனையும் தொழில்நுட்பத்தையும் அரசுக்கு அளிப்பதே இதன் நோக்கம். கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க் ஆகிய நகரங்களின் மையப்பகுதிகளில் கண்காணிப்புக் கேமராக்கள் அமைக்கப்பட்டதில் இதற்குப் பெரும் பங்குண்டு. 1997இல் பெரும் மதுபான நிறுவனம் ஒன்றின் தலைவரான மேயர் கான் காவல் துறையின் தலைமை நிருவாகியாகவே நியமிக்கப்பட்டு, 1999 வரை பணியாற்றினார். வணிகத் துறையின் பட்டறிவை அரசு எந்த அளவிற்கு நாடியது என்பதற்கு இது சான்று.

ஆயினும் அதன்பின் கொலை விகிதம் தாழ்ந்ததை இம்முயற்சிகளின் பயன் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் ஆய்வாளர் ஒரு காரணமாகக் காட்டுவர்.

அரசை வற்புறுத்துதல்

மூன்றாவது வழி எளிதன்று என்பதை 2007ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்துகிறது. குற்றப் பெருக்கம் குறித்து அதிபர் தாபோ எம்பெக்கிக்கு மடல் எழுதுமாறு மக்களைத் தூண்டும் விளம்பர இயக்கமொன்றை ‘ஃபர்ஸ்ட் நேஷனல்’ வங்கி திட்டமிட்டது. அரசு தரப்பிலும் வணிகத் தலைவர்கள் சிலர் தரப்பிலும் எதிர்ப்பு எழவே, இயக்கம் தொடங்குமுன்னரே கைவிடப்பட்டது. அரசோடு இணைந்து பணியாற்ற விழைவோர் அதனை வெளிப்படையாகக் குறைகூற அஞ்சுவர் என்னும் முரண்பாடு இங்குப் புலனாகிறது.

2021ஆம் ஆண்டின் பாடம்

2021 ஜூலையில் குவாசூலு-நட்டால், கவுட்டெங் மாநிலங்களில் மூண்ட கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்ணற்ற கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. பல இடங்களில் காவல் துறை செயலற்று நின்றது. டர்பனுக்கு அருகிலுள்ள பீனிக்ஸ், இனவொதுக்கல் ஆட்சி இந்திய வம்சாவளியினருக்கென 1976இல் உருவாக்கிய குடியிருப்பாகும். தமிழ் மரபினரும் அங்கு வாழ்கின்றனர். தம்மைக் காத்துக்கொள்ளச் சாலைத் தடைகளை அமைத்த குடியிருப்பாளர் சிலரின் செயல் வன்முறையாக மாறியது. பீனிக்ஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 36 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பொதுக் காவல் விலகிய இடத்தில் தற்காப்பு எளிதில் இனப்பகையாக உருமாறும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

இதன் பின்னர் வணிகத் துறை மீண்டும் இரண்டாவது வழிக்கே திரும்பியது. 2023இல் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனத் தலைவர்கள், அதிபர் சிரில் ராமபோசாவின் அரசுடன் எரிசக்தி, போக்குவரத்து, குற்றமும் ஊழலும் ஆகிய மூன்று துறைகளில் ஒத்துழைக்க உடன்பட்டனர். அரசு வழக்குத் தொடுப்புத் துறைக்கு மின்னியல் சான்றுகளை ஆராயும் வசதியை உருவாக்க உதவுதல் அவ்வொத்துழைப்பின் ஒரு பகுதியாகும். கட்டுமானப் பணியிடங்களை மிரட்டிப் பங்கு கேட்கும் கும்பல்களை எதிர்க்க, 2024 நவம்பரில் டர்பனில் கட்டுமானத் துறையினரும் அரசும் கூடி உறுதிமொழி ஏற்றனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வணிகச் சமூகத்தின் எதிர்வினையை அது செலவிடும் தொகையால் மதிப்பிடுதல் போதாது என்பது தெளிவாகும். அச்செலவால் காக்கப்படுவோர் யாவர் என்பதே உரைகல். தன் வாயிலுக்கு மட்டும் காவல் தேடும் வணிகன் குற்றத்தை அடுத்த தெருவிற்கு அனுப்புகிறான்; காவல் நிலையமும் நீதிமன்றமும் செம்மையுறத் துணைநிற்பவன் அத்தெருவையும் சேர்த்துக் காக்கிறான். தனியார் காவலரைப் பணியமர்த்துதல் இயல்பாகிவரும் எந்தச் சமூகமும் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நலம்.