மாலையில் திரும்பும் கைதிகள்

ஜெய்ப்பூரின் தென்கோடியில் உள்ள சாங்கானேர், அச்சுத் துணிக்கும் கைவினைக் காகிதத்துக்கும் பெயர் பெற்ற ஊர். காலையில் இங்குள்ள ஒரு குடியிருப்பிலிருந்து ஆட்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். சிலர் தொழிற்சாலைக்கு, சிலர் தினக்கூலி வேலைக்கு. ஒருவர் யோகா கற்றுக்கொடுக்கப் போவதாக 2018இல் வெளியான செய்தி ஒன்று சொன்னது. செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்களும் கணிசமாக உண்டு. இவர்களில் பெரும்பாலோர் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள். மாலையில் திரும்பிவந்து, பெயர் கூப்பிடும்போது ஆஜராக வேண்டும். சிறை என்பது அவர்களுக்கு அவ்வளவுதான்.

1963இல் தொடங்கப்பட்ட சம்பூர்ணானந்த் திறந்தவெளிச் சிறை இது. நானூறு கைதிகள் வரை மனைவி, கணவன், குழந்தைகளோடு இங்கே குடும்பம் நடத்துகிறார்கள். பலரது வீடு சொந்தச் செலவில் கட்டிக்கொண்டது. ஜெயில் என்றால் களி என்று கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி: இங்கே களியும் கிடையாது. அரசு தருவது தங்க இடம். அரிசி, பருப்பு, துணிமணி, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் கைதியின் சம்பாத்தியத்தில். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சாதாரணச் சிறையில் கழித்து நன்னடத்தை காட்டியவர்களே இங்கு வர முடியும். ஆயுள் கைதி என்றால் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். இதற்கென்று ராஜஸ்தான் 1972இல் தனி விதிகளை வகுத்தது. அன்றாட நிர்வாகத்தில் பெரும்பகுதி 'பந்தி பஞ்சாயத்' என்ற கைதிகள் பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது. ஆள் கணக்கு எடுப்பதும் சண்டை சச்சரவைத் தீர்ப்பதும் அதன் வேலை. தப்பி ஓடுவது கடினமான காரியமே அல்ல. ஆனால் பிடிபட்டால் மறுபடி உயர்ந்த மதில்தான். குடும்பத்தோடு இருக்கும் வாழ்க்கையும் போய்விடும், முன்கூட்டி விடுதலையாகும் வாய்ப்பும் போய்விடும். இழப்பதற்கு ஏதாவது இருப்பவன் ஓடமாட்டான் என்ற கணக்கில்தான் இந்த முகாம் இத்தனை ஆண்டுகளாக நடக்கிறது.

யோசனை புதிதல்ல. 1930களின் இறுதியில் மகாராஷ்டிரத்தின் ஔந்த் சமஸ்தானத்தில், போலந்திலிருந்து வந்த பொறியாளர் மாரிஸ் ஃப்ரீட்மனின் யோசனைப்படி சுதந்திரபூர் என்ற திறந்த குடியிருப்பு கைதிகளுக்காக அமைக்கப்பட்டது. அதுதான் வி. சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' (1957) படத்துக்குத் தூண்டுதல். ஆறு கொலைக் கைதிகளை நம்பி வெளியே அழைத்துச் செல்லும் ஜெயிலர் கதை. 1975இல் எம்.ஜி.ஆர். நடித்து 'பல்லாண்டு வாழ்க' என்று தமிழுக்கு வந்தபோது பார்த்தவர்கள், இப்படியும் நடக்குமா என்று கேட்டிருப்பார்கள். நடந்துகொண்டுதான் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1952இல் சந்திரபிரபா அணை கட்டும் பணிக்குக் கைதிகள் திறந்த முகாமில் வைக்கப்பட்டார்கள். அந்தச் சோதனைக்கு ஆதரவாக நின்ற அரசியல்வாதி சம்பூர்ணானந்த். பிற்பாடு அவர் ராஜஸ்தான் ஆளுநராக இருந்த காலத்தில்தான் சாங்கானேர் முகாம் உருவானது.

கைதியைத் திருத்துவது என்றதும் நம் சிறைத் துறைகளுக்கு நினைவுக்கு வருவது தறி, தச்சு, தியானம். இவை தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விடுதலையானவனை மறுபடி குற்றத்தின் பக்கம் தள்ளுவது பெரும்பாலும் கைத்தொழில் தெரியாத குறை அல்ல. வழக்குச் செலவுக்கு நிலம் போயிருக்கும். மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள், அல்லது கடனில் இருப்பாள். பிள்ளைக்கு அப்பன் முகம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், ஜெயிலுக்குப் போய்வந்தவன் என்று தெரிந்தும் வேலை கொடுக்க ஒரு முதலாளி வேண்டும். அந்த முதலாளியைத் தேடும் படலம் வழக்கமாக விடுதலையான மறுநாள் தொடங்குகிறது, கையில் காசில்லாத நேரத்தில். சாங்கானேரில் அது விடுதலைக்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கைதி என்று தெரிந்ததும் கதவைச் சாத்துகிறவர்கள் இங்கும் உண்டு. ஆனாலும் பழகிய முகம் என்ற தகுதி மெல்ல மெல்லச் சேர்கிறது. விடுதலை உத்தரவு வரும் நாளில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு வேலை, ஒரு குடும்பம், பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நல்லவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து விட்டு, பாருங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை என்று பெருமைப்படலாமா? வரப்புத் தகராறிலோ குடும்பச் சண்டையிலோ ஒரே ஒரு முறை கையை ஓங்கியவர் எங்கே இருந்தாலும் மறுபடி கொலை செய்யப்போவதில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அதையே திருப்பியும் கேட்கலாம்: அப்படிப்பட்டவர்களை மற்ற மாநிலங்கள் ஏன் இன்னும் மதிலுக்குள் வைத்துச் சோறு போடுகின்றன?

செலவைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும். ராஜஸ்தான் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்துக்காக ஸ்மிதா சக்ரவர்த்தி 2017இல் அளித்த அறிக்கைப்படி, ஒரு கைதியை ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் வைக்க ஆகும் செலவில் பதினான்கில் ஒரு பங்குதான் சாங்கானேரில். அங்கே ஆறு கைதிகளுக்கு ஓர் ஊழியர் என்றால் இங்கே எண்பது பேருக்கு ஒருவர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. இத்தனை நெரிசலிலும் நாட்டின் திறந்தவெளிச் சிறைகள் நிரம்பவில்லை. அவற்றின் மொத்த எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை, அதிலும் பாதிக்கு அருகில் ராஜஸ்தானில்தான். இருக்கிற இடத்தையாவது நிரப்புங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது.

நெரிசல் முழுவதற்கும் இது மருந்தல்ல. அதே 2022 கணக்கில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சிறையின் மொத்த இடத்தையும் அவர்கள் மட்டுமே ஏறக்குறைய அடைத்துவிடுகிறார்கள். திறந்தவெளிச் சிறையோ தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும். குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர் கம்பிக்குப் பின்னால், தீர்ப்பானவர் மோட்டார் சைக்கிளில். இந்த முரண்பாட்டுக்குச் சாங்கானேர் பொறுப்பல்ல.

முகாமுக்கு வந்த நிஜமான ஆபத்து வேறு திசையிலிருந்து. ஒரு காலத்தில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த இடம், ஜெய்ப்பூர் வளர வளர விலை மதிப்பு ஏறிய மனையாகிவிட்டது. திறந்தவெளி முகாம்களின் பரப்பைக் குறைக்கும் முயற்சி கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில் முகாம் நிலத்தில் ஒரு பகுதி மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட, விவகாரம் நீதிமன்ற அவமதிப்பு மனுவாக மறுபடி அங்கேயே போய் நின்றது. சுற்றுவட்டார மக்களுக்கு மருத்துவமனை வேண்டும்தான். முகாமின் குழந்தைகளுக்கும் காய்ச்சல் வரும். ஆனால் நகரத்தில் நிலம் தேடும்போது அதிகாரிகளின் கண் முதலில் விழுந்த இடம் கைதிகளின் குடியிருப்பு.

இந்த இடத்தை விட்டுப் போக மனம் வராதவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் வேலை, பழகிய அண்டை வீடு, நடுவில் நிறுத்த முடியாத பிள்ளைகளின் படிப்பு. தண்டனை முடிந்த பின்பும் வீட்டைக் காலிசெய்யாத கைதிகளை வெளியேற்றுவதற்குச் சிறை நிர்வாகம் நடவடிக்கை எடுக்க நேர்ந்ததுண்டு.