பளபளக்கும் உள்சுவருக்கு மறுபெயிண்ட் அடிக்கும் முன்



"கழுவினா அழுக்கு போயிடும்" என்று நம்ம கெலவரப்பள்ளி பக்கம் சிலர் உள்சுவருக்கும் எனாமல் அடித்துவிடுகிறார்கள். அது கதவு, ஜன்னலுக்கு ஏற்றது. சுவரில் ஈரம் இருந்தால் வெளியேற வழியின்றி கொப்பளித்து உரியும். அதன் மேலேயே டிஸ்டெம்பர் அடித்தால் ஒட்டாது; குழுக் கடன் எடுத்துச் செய்த செலவு வீண்.

அப்போ என்ன செய்யணும்? பளபளப்பைத் தேய்த்து எடுக்கணும். ஆபத்து இங்கேதான். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சுவரை அப்படியே காய்ந்தபடி தேய்த்தால் ஈயத்தூசி பறக்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்; மூளை வளர்ச்சி பாதிக்கும்.

எனவே:

1. ஈரம் வரும் இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்.

2. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். பாத்திரம், துணிகளை வெளியே எடுத்து வையுங்கள்.

3. சோப்புத் தண்ணீரால் கழுவி, சுவரை நனைத்து நனைத்து வாட்டர் பேப்பரால் தேய்க்கவும். மாஸ்க் அவசியம். நெருப்பு காட்டி உரிக்காதீர்கள்.

4. தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

5. நன்கு காய்ந்தபின் பட்டி பார்த்து, எனாமல் மேல் பிடிக்கும் பிரைமர் என்று கேட்டு வாங்கி அடியுங்கள். பிறகு எமல்ஷன் இரண்டு கோட்டு.

பெயிண்டர் அண்ணனிடம் கூலி பேசும்போதே "சுவரை நனைச்சுத்தான் தேய்க்கணும்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த குழுக் கூட்டத்திலும் இதைப் படித்துக் காட்டுங்கள்.