சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கண்டுபிடிக்கும் புரோலாக்

பெரும்பாலான கணினி மொழிகளில் நாம் எழுதுவது கட்டளை: முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய். புரோலாக்கிடம் தெரிந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறோம்; விடைக்கு வழி தேடுவது அதன் வேலை. 1972-இல் பிரான்சின் மார்சேய் நகரில் அலேன் கோல்மராவரும் ஃபிலிப் ரூசலும் இதை உருவாக்கினார்கள். பிரெஞ்சு வாக்கியங்களைப் புரிந்துகொண்டு கணினி பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். தர்க்க அடிப்படையில் எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கிக்குப் பெரும் பங்கு உண்டு.

இலவசமாகக் கிடைக்கும் எஸ்டபிள்யூஐ-புரோலாக்கைத் திறந்தால் கேள்விக்குறியும் சிறுகோடும் தெரியும். அது கேள்விக்கான இடம். புதியவர்கள் தகவலை அங்கேயே அடித்துவிட்டு, பிழைச் செய்தி வந்ததும் திகைப்பார்கள். சதுர அடைப்புக்குள் 'யூசர்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து, முற்றுப்புள்ளி வைத்து, என்டர் தட்டிய பிறகே தகவல் கொடுக்க முடியும். தமிழிலேயே கொடுக்கலாம்:

தந்தை(ராஜராஜன், ராஜேந்திரன்).
தந்தை(ராஜேந்திரன், ராஜாதிராஜன்).
தந்தை(ராஜேந்திரன், வீரராஜேந்திரன்).
தாத்தா(_அ, _இ) :- தந்தை(_அ, _ஆ), தந்தை(_ஆ, _இ).

முதல் மூன்றும் தகவல்கள். கடைசி வரி விதி: வலப்பக்கம் உள்ள இரண்டும் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை. அடிக்கோட்டில் தொடங்குபவை மாறிகள். ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கினாலே மாறியாகிவிடும். தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் அடிக்கோடு தேவைப்படுகிறது. கண்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் மறுபடி கேள்விக்குறி வரும். இப்போது கேட்கலாம்:

தாத்தா(ராஜராஜன், _யார்).

விதியின் _அ ராஜராஜன் ஆகிறது. அவர் யாருக்குத் தந்தை என்று தேடி ராஜேந்திரனைப் பிடிக்கிறது. அவர் யாருக்குத் தந்தை என்று மீண்டும் தேடி, 'ராஜாதிராஜன்' என்று காட்டி நிற்கிறது. அரைப்புள்ளியைத் தட்டுங்கள். கடைசியாக எடுத்த முடிவை மட்டும் கைவிட்டு, ராஜேந்திரனிடமிருந்தே தேடலைத் தொடர்ந்து, வீரராஜேந்திரனைத் தரும்.

அதே விதியைத் திருப்பியும் கேட்கலாம்:

தாத்தா(_யார், வீரராஜேந்திரன்).

ராஜராஜன் என்று பதில் வரும். பேரனைத் தேட ஒன்று, தாத்தாவைத் தேட ஒன்று என இரண்டு நிரல் எழுதவில்லை. உறவைச் சொன்னோம், அவ்வளவுதான். புரோலாக்கின் பேரழகு இதுதான் என்பேன்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சுந்தரசோழர் ராஜராஜனின் தந்தையா என்று கேட்டால் 'ஃபால்ஸ்' என்றுதான் வரும். அது வரலாற்றை மறுப்பதாகாது. கொடுத்த தகவல்களைக் கொண்டு நிறுவ முடியவில்லை என்றே பொருள். அந்த ஒரு வரியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் 'ட்ரூ' வந்திருக்கும். கூடவே அவர் ராஜேந்திரனின் தாத்தா என்பதும், விதியைத் தொடாமலே கிடைத்திருக்கும்.