சிரிச்சு முடிச்சதும் ஒரு கையெழுத்து: பிரிட்டிஷ் டிவி பிராங்க் ஷோக்களின் கதை

ஒரு கார் மெதுவாக உருண்டு கராஜுக்குள் வந்து நிற்கிறது. வண்டியில் ஏதோ பிரச்னை, கொஞ்சம் பாருங்கள் என்கிறார் ஓட்டிவந்தவர். மெக்கானிக் பானெட்டைத் தூக்குகிறார். உள்ளே இன்ஜினே இல்லை. மனிதர் ஆடிப்போகிறார். இன்ஜின் இல்லாத வண்டி இங்கே எப்படி வந்தது?

வந்த வழி ரொம்ப சிம்பிள். இறக்கமான ரோட்டில் தள்ளிவிட்டு, அப்படியே கராஜ் வரை உருள விட்டிருக்கிறார்கள். மெக்கானிக் தலையைச் சொறிவதை எங்கோ ஒளிந்திருக்கும் கேமரா படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

1960களில் பிரிட்டனின் ஐடிவி சேனலில் ஓடிய 'கேண்டிட் கேமரா' நிகழ்ச்சியின் புகழ்பெற்ற பிராங்க் இது. இன்று போனில் நாலு தடவை ஸ்க்ரோல் பண்ணினால் ஒரு பிராங்க் வீடியோ வந்துவிடுகிறது. யூடியூபும் டிக்டாக்கும் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, இதை ஒரு தொழிலாகவே செய்து பார்த்துவிட்டது பிரிட்டிஷ் டிவி. அந்தத் தொழிலில் சிரிப்பைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கேமரா எங்கே என்று காட்டிய பிறகு, மாட்டிக்கொண்டவரிடம் நீட்டப்படும் ஒரு பேப்பர். 'இதை ஒளிபரப்பலாம்' என்று அவர் போடும் கையெழுத்து.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் கதைதான் இது.

எங்கே ஆரம்பித்தது?

ஐடியா அமெரிக்காவில் பிறந்தது. ஆலன் ஃபன்ட் என்பவர் 1947-ல் ரேடியோவில் 'கேண்டிட் மைக்ரோஃபோன்' என்று ஆரம்பித்தார். மைக்கை ஒளித்துவைத்து, சாதாரண மக்கள் பேசுவதைப் பதிவு செய்வதுதான் நிகழ்ச்சி. அடுத்த வருடமே அது டிவிக்கு வந்தது. 1960-ல் ஐடிவி இதன் பிரிட்டிஷ் வடிவத்தைத் தொடங்கியது. ஸ்டுடியோவில் தொகுத்து வழங்கியவர் காமெடியன் பாப் மங்க்ஹவுஸ். வெளியே போய் ஆட்களைச் சுற்றலில் விட்டவர் ஜோனதன் ரூத்.

இன்ஜின் இல்லாத கார் ஏன் இன்றுவரை பேசப்படுகிறது? அந்த மெக்கானிக் முட்டாள் இல்லை. அவருக்குத் தொழில் தெரியும். தெரிந்ததால்தான் குழம்புகிறார். காரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் இந்த பிராங்க் எடுபடாது. பார்ப்பவர்களுக்கும் மெக்கானிக் மேல் இளக்காரம் வரவில்லை. அவர் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்றுதான் தோன்றியது. ஆனால் எல்லா பிராங்க்கும் இப்படி இருக்கவில்லை.

பீடில் வர்றார், உஷார்!

1980களில் ஆட்டம் பெரிதானது. 1981-ல் எல்டபிள்யூடி நிறுவனம் 'கேம் ஃபார் எ லாஃப்' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அதன் தொகுப்பாளர்களில் ஒருவரான ஜெரமி பீடில், 1986-ல் 'பீடில்ஸ் அபவுட்' என்று தனி ஷோவுக்கே சொந்தக்காரர் ஆனார். பத்து வருடம் ஓடியது. உச்சத்தில் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

ஃபார்முலா இதுதான். ஒருவரின் நண்பரோ, மனைவியோ, கணவரோ ரகசியமாகத் தகவல் தருவார். எதற்கு டென்ஷன் ஆவார், எதன் மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்பதெல்லாம் டீமுக்குத் தெரிந்துவிடும். பிறகு அதிலேயே கை வைப்பார்கள். ஆசை ஆசையாய் வாங்கிய வண்டி கண்ணெதிரே நொறுங்குவது போல செட் பண்ணுவார்கள். அவர் கத்தி, கொதித்து, அழும் நிலைக்கு வந்ததும் ஒரு போலீஸ்காரரோ ஏதோ ஓர் அதிகாரியோ வந்து இன்னும் கடுப்பேற்றுவார். கடைசியில் ஒட்டுத்தாடி கழன்றால், உள்ளே இருப்பது பீடில்!

இந்த ஷோவில் மறக்க முடியாத எபிசோடு ஒன்று. டோர்செட் பகுதியில் ஒரு பெண்ணின் வீட்டுத் தோட்டத்தில் விண்கலம் விழுந்துவிட்டது என்று நம்பவைத்தார்கள். உள்ளிருந்து வேற்றுகிரகவாசி இறங்கியது. அந்தப் பெண் அலறவில்லை, ஓடவில்லை. வந்த விருந்தாளியிடம் டீ குடிக்கிறாயா என்று கேட்டார். பிராங்க் பண்ண வந்தவர்களே எதிர்பார்க்காத பதில் அது. பிரிட்டிஷ் டிவி வரலாற்றின் ஜாலியான தருணங்களில் ஒன்றாக அது இன்றும் ஓடுகிறது.

பீடிலுக்கு இதனால் புகழும் வந்தது, வெறுப்பும் வந்தது. நாட்டிலேயே அதிகம் திட்டு வாங்கிய டிவி முகங்களில் அவரும் ஒருவர். அவருக்கு இன்னொரு முகமும் இருந்தது. ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பல வருடங்கள் ஓடி ஓடி நிதி திரட்டினார். அந்தத் தொண்டுப் பணிக்காக 2001-ல் எம்பிஇ விருது பெற்றார். 2008 ஜனவரியில், 59 வயதில் காலமானார்.

பல்பு வாங்குவது யார்?

1990களில் பிபிசி, பிரபலங்கள் பக்கம் திரும்பியது. 'நோயல்ஸ் ஹவுஸ் பார்ட்டி' நிகழ்ச்சியில் நோயல் எட்மண்ட்ஸ் பிரபலங்களை ஏமாற்றி, 'காட்சா' என்று ஒரு விருதையும் கையில் கொடுப்பார். முதலில் அதன் பெயர் 'காட்சா ஆஸ்கர்'. நிஜ ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி எதிர்ப்புத் தெரிவிக்கவே, 'ஆஸ்கர்' கழன்றுவிட்டது. பிங்க் உடம்பில் மஞ்சள் புள்ளிகளோடு வரும் மிஸ்டர் பிளாபி பிறந்ததும் இந்த பிராங்க்குகளுக்காகத்தான். குழந்தைகள் நிகழ்ச்சி ஷூட்டிங் என்று நம்பி வரும் பிரபலத்தை, அந்த பொம்மை விழுந்து புரண்டு வெறுப்பேற்றும். 1993 கிறிஸ்துமஸுக்கு பிளாபியின் பாட்டு பிரிட்டனின் நம்பர் ஒன் ஆனது தனிக்கதை.

2000-ல் சேனல் 4-ல் வந்த 'டிரிக்கர் ஹாப்பி டிவி' இன்னொரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. டோம் ஜோலி ஆளுயர செல்போன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, சத்தமே இல்லாத இடமாகப் பார்த்துப் போவார். ரிங்டோன் அலறும். எடுத்து ஊருக்கே கேட்கும்படி கத்துவார். சுற்றியிருப்பவர்கள் நெளிவார்கள், முறைப்பார்கள், பிரிட்டிஷ்காரர்களுக்கே உரிய முறையில் கண்டுகொள்ளாததுபோல் இருப்பார்கள்.

இங்கே பைத்தியக்காரனாகத் தெரிவது யார்? பிராங்க் பண்ணுகிறவர்தான். எதிரே இருப்பவர் சும்மா நின்றால் போதும். யார் வண்டியும் நொறுங்கவில்லை, யாரும் அழவில்லை.

அதற்குப் பிறகு வந்தவற்றில் சில இன்னும் மென்மையானவை. பிபிசி ஒன் சேனலில் மைக்கேல் மெக்கின்டயர் நடத்தும் 'பிக் ஷோ'வில் ஒரு பகுதி உண்டு. குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து, ஒளிகேமரா வைத்து ஒருவரை ஏமாற்றுவார்கள். அந்த ஏமாற்றத்தின் முடிவில் அவர் கூட்டம் நிறைந்த அரங்கின் மேடையில் நிற்பார். அன்றைய ஷோவின் ஸ்டார் அவர்தான். ஏமாற்றுவது அதேதான், கடைசியில் கிடைப்பது கைதட்டல்.

ரூல்ஸ் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் டிவி, ரேடியோவைக் கண்காணிக்கும் அமைப்பு ஆஃப்காம். அதன் ஒளிபரப்பு விதிமுறைகள் 2005-ல் நடைமுறைக்கு வந்தன. ஒளிந்திருந்து படமெடுப்பது, போனில் ஏமாற்றுவது பற்றி அதில் தனியாகவே விதிகள் உண்டு. சுருக்கமாகச் சொன்னால்:

• பொழுதுபோக்குக்காக மறைந்திருந்து படமெடுக்கலாம். அந்த நிகழ்ச்சிக்கு அது அவசியமானதாக இருக்க வேண்டும்.

• மாட்டிக்கொண்டவருக்குப் பெரிய எரிச்சலோ, மனவேதனையோ, தர்மசங்கடமோ தரும் அளவுக்கு அவருடைய பிரைவசியில் தலையிடக் கூடாது.

• எடுத்ததை அவருடைய சம்மதம் இல்லாமல் ஒளிபரப்பக் கூடாது. யாரென்று அடையாளம் தெரியாவிட்டால் மட்டும் விதிவிலக்கு.

• பிரபலங்கள் விஷயத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனால் காரணமில்லாமல் கேலிப்பொருளாக்கினாலோ, மனவேதனை தந்தாலோ, அதை நியாயப்படுத்த பொதுநலன் இருக்க வேண்டும்.

கவனித்தால் ஒன்று புரியும். பிராங்க் பண்ணும்போது சம்மதம் கேட்க முடியாது. கேட்டால் அது பிராங்க்கே இல்லை. அதனால் எடுப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவின் சாவி, பல்பு வாங்கியவரின் கையில் இருக்கிறது.

கையெழுத்து இல்லாவிட்டால்?

2008 அக்டோபரில் பிபிசி ரேடியோ 2-ல் நடந்ததே இதற்குப் பாடம். ரஸ்ஸல் பிராண்டும் ஜோனதன் ராஸும் மூத்த நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸுக்கு போன் போட்டார்கள். 'ஃபால்டி டவர்ஸ்' தொடரில் வெயிட்டர் மானுவலாக நடித்தவர் அவர். போனை யாரும் எடுக்காததால் வாய்ஸ்மெயிலில் அவருடைய பேத்தியைப் பற்றி ஆபாசமாகப் பேசிச் சிரித்தார்கள்.

அது லைவ் கிடையாது. முன்கூட்டியே பதிவு செய்த நிகழ்ச்சி. சாக்ஸிடமும் பேத்தியிடமும் முறையாகக் கேட்டிருக்கலாம், வெட்டியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை, அப்படியே ஒலிபரப்பானது. ஆரம்பத்தில் வந்த புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாளிதழில் செய்தி வந்ததும் பல்லாயிரம் புகார்கள் குவிந்தன. பிராண்ட் விலகினார், ரேடியோ 2-ன் தலைவரும் ராஜினாமா செய்தார், ராஸ் 12 வாரம் சஸ்பெண்ட் ஆனார். 2009 ஏப்ரலில் ஆஃப்காம் பிபிசிக்கு 1.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

கையெழுத்து போட்டுவிட்டால் எல்லாம் சரியா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2005 டிசம்பரில் சேனல் 4 ஒளிபரப்பிய 'ஸ்பேஸ் கேடட்ஸ்' ஞாபகமிருக்கிறதா? ரஷ்யாவில் விண்வெளிப் பயிற்சி என்று சொல்லி சில இளைஞர்களை விமானத்தில் ஏற்றினார்கள். விமானம் மணிக்கணக்கில் சுற்றிவிட்டு, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலேயே ஒரு பழைய ராணுவ விமானத் தளத்தில் இறங்கியது. எளிதில் நம்பக்கூடியவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நடுவில் நடிகர்களையும் கலந்துவிட்டார்கள். செட் போட்ட விண்கலத்தில் ஏறி, பூமியைச் சுற்றுவதாகவே அவர்கள் நம்பினார்கள். விண்வெளியில் ஏன் மிதக்கவில்லை என்பதற்கும் ஒரு ரெடிமேட் விளக்கம் வைத்திருந்தார்கள்.

ஒரு ரியாலிட்டி ஷோவுக்கு அவர்கள் சம்மதித்தது உண்மை. இந்த ஷோவுக்குச் சம்மதித்தார்களா? விண்வெளிக்குப் போகிறோம் என்ற கனவு உடைவதையும் ஊரே பார்க்கும் என்பது தெரிந்திருந்தால் வந்திருப்பார்களா? பரிசுப் பணம் கிடைத்தது. கேள்வி அப்படியே நிற்கிறது.

கையெழுத்து கேட்கும் நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். கேமரா எங்கே என்று காட்டிவிட்டார்கள். டீமே சிரிக்கிறது. காட்டிக்கொடுத்த மனைவி பக்கத்தில் நிற்கிறார். அந்த நிமிஷத்தில் 'முடியாது, இதைப் போடாதீங்க' என்று சொன்னால், ஜோக்கைக் கூடத் தாங்காத ஆள் என்ற பெயர்தான் மிஞ்சும். மனசு ஆறுவதற்கு முன் போடும் கையெழுத்து அது.

1990-ல் ஒருவர் சம்மதித்தது ஒரு சனிக்கிழமை இரவுக்கு. பார்த்தார்கள், சிரித்தார்கள், திங்கட்கிழமை ஆபீஸில் கலாய்த்தார்கள், மறந்தார்கள். இன்று அதே கிளிப் யூடியூபில் இருக்கிறது. அவர் பேரப்பிள்ளைகளும் பார்க்கலாம். இப்படி ஒரு நாள் வரும் என்று அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவர் யோசித்திருக்க வழியே இல்லை.

போன் கைக்கு வந்த பிறகு

ஆஃப்காமின் இந்த விதிகள் டிவிக்கும் ரேடியோவுக்கும்தான். தனி ஒருவர் போனில் எடுத்து அப்லோடு செய்யும் வீடியோ அதில் வராது. தயாரிப்பாளர் கிடையாது, வக்கீல் கிடையாது, பேப்பரும் கிடையாது.

இதன் விளைவை 2023-ல் லண்டன் பார்த்தது. 18 வயது டிக்டாக் பிராங்க்ஸ்டர் ஒருவர், முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் கேமராவோடு நுழைந்தார். வீட்டில் இருந்தவர்களுக்கு அது பிராங்க் என்று எப்படித் தெரியும்? விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அபராதத்தோடு ஒரு தடை உத்தரவும் வந்தது. அதில் ஒரு நிபந்தனை: வீடியோவில் இருப்பவர்களின் சம்மதம் ஆவணமாகக் கையில் இல்லாமல், எதையும் சமூக வலைதளத்தில் போடக் கூடாது. அவர் அதையும் மீறினார். அந்த நவம்பரில் 18 வாரச் சிறைக்காவல் தண்டனை கிடைத்தது.

டிவிக்காரர்கள் பல வருடங்களாக நீட்டி வந்த அதே பேப்பரைத்தான், ஒரு டிக்டாக் இளைஞரிடம் கோர்ட்டும் கேட்டிருக்கிறது. அந்தப் பேப்பர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதற்கு மேலே உதாரணங்கள் இருக்கின்றன. இருந்தும், மாட்டிக்கொண்டவரிடம் ஒருமுறையாவது 'இதைப் போடலாமா?' என்று கேட்கவைத்தது அது ஒன்றுதான்.

அடுத்த தடவை ஒரு பிராங்க் வீடியோவுக்குச் சிரித்து, நண்பருக்கு ஷேர் பண்ணப் போகும்போது, அதில் பல்பு வாங்கியவரின் முகத்தை ஒரு செகண்ட் நிறுத்திப் பாருங்கள். அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா?