கார்புரேட்டரில் பெட்ரோல் கசிவு

ஸ்ரீரங்கம் தீவிலும் திருச்சிராப்பள்ளியை அடுத்த காவேரிக் கரையிலும் வாழைக்கு நீர் இறைக்கும் பெட்ரோல் யந்திரங்களில், மேலிருக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் பாரத்தினாலேயே கார்புரேட்டருக்கு இறங்குவது வழக்கம். தொட்டி ஓரடி உயரத்தில் இருப்பின், சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய மூன்றிலொரு ராத்தல் அழுத்தமே உண்டாகும். தொட்டியைத் தாழ்வில் வைத்து, பாட்டரியினால் ஓடும் மின்சார பம்பு கொண்டு பெட்ரோலை ஏற்றினாலோ அழுத்தம் பன்மடங்காகிறது. அப்பம்பு 3 ராத்தல் தருமாயின், தொட்டியை 9 அடி உயரத்தில் வைத்ததற்குச் சமமாகும். சிற்றழுத்தத்திற்கென அமைந்த ஊசி வால்வு இதனைத் தாங்காது, பெட்ரோல் வழியும்.

கசிவு கண்டதும் யந்திரத்தையும் பம்பையும் நிறுத்தி, விளக்கு, பீடி முதலியவற்றை அகற்றுக. பின்பு குழாய் இணைப்புகளைத் துடைத்துப் பார்க்கவேண்டும். அவற்றில் ஈரம் இல்லையெனில், பம்பை நீக்கி, ஓரடி உயரத்தில் வைத்த சிறு தொட்டியிலிருந்து பெட்ரோலை விட்டுப் பார்க்கலாம். கசிவு நின்றால் குற்றம் அழுத்தத்தினுடையது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே அழுத்தம் குறைக்கும் கருவியைப் பொருத்துக. நில்லாவிடில், ஊசி வால்வில் மணல் தங்கியிருக்கும், அல்லது அது தேய்ந்திருக்கும். மிதவை ஓட்டையாவதும் உண்டு. மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால், உட்புகுந்த பெட்ரோல் சலசலக்கும்.

வழியும் பெட்ரோல் சிலிண்டர் வழியே இறங்கி மசகெண்ணெயில் கலப்பதும் உண்டு. அவ்வெண்ணெயின் மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை வீசினால், அதனை மாற்றாமல் யந்திரத்தை ஓட்டலாகாது. சொட்டுத்தானே என்று பாராமுகமாயிருப்பின், யந்திரம் தேய்வதோடு கொட்டகை தீப்பற்றும் அபாயமும் நேரும்.